ஏழாம் கதைக்குக் கழிவு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது, வியாபாரத்துக்குப் பழுதில்லை, உலகத்தில் திருடன் இருக்கும்வரை பூட்டும் தாழ்ப்பாளும் விற்கிறவனுக்கு என்ன குறை. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நானாகவே எழுதிக்கொள்கிறேன், பொய்யென்றால் அதை மெய்யாக்குவது உன் பொறுப்பு. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியில் நீ அழுவாய், பாதியில் நான் கத்துவேன், விஷயம் நடுவில் நசுங்கிப்போகும். அதனால்தான் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

உன் அத்தை நடத்துகிற குட்டிக்கதைப் போட்டியில் நானும் இருக்கிறேன். அவளிடம் பல் அடைக்கப் போன இடத்தில், நான் வாயைத் திறந்திருந்த சமயம் பார்த்துக் கேட்டாள், முடியாது என்று சொல்ல வழியில்லாமல் போனது. சிநேகிதத்துக்கு நடக்கிற போட்டிதான், முதல் பரிசே ஒரு பல்துலக்கி. நூறு சொல்லுக்குள் கதை, இந்த உலகத்தில் நடக்காத ஒன்று அதில் நடக்க வேண்டும், பெயர் கூடாது, நம்பர் மட்டும். எல்லோரும் எல்லாக் கதைகளுக்கும் முதலில் ஒரே ஒரு சொல்லில் கருத்து எழுத வேண்டும், எழுதியவர் அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டபின் ஞாயிற்றுக்கிழமை அத்தையின் கிளினிக்கில் உட்கார்ந்து விரிவாகப் பேசலாம். சரக்கைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்கிறவனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடுதானே. அழுகிற நிலாவைப் பற்றிய கதைக்கு ‘துரு’ என்று எழுதினேன், கண்ணாடிக் கடைக்காரரின் பேய்க்கதைக்கு ‘பாலிஷ்’ என்று எழுதினேன், பளபளப்பு மட்டும்தான் இருந்தது. என் கதையும் உண்டு, உண்மை பேசினால்தான் திறக்கிற பூட்டு. அதற்கு யாரோ ஒரு புண்ணியவான் ‘விலைப்பட்டியல்’ என்று எழுதியிருந்தார். ராத்திரி சோறு இறங்கவில்லை. காலையில் எடுத்துப் பார்த்தால் ஆள் சொன்னது சரி, பூட்டு வகைகளையே பாதிக் கதைக்கு அடுக்கியிருந்தேன். வெட்டி எறிந்தேன், கதை மூச்சு விட்டது.

இனிமேல்தான் விஷயம். ஏழாம் நம்பர் கதை. காற்றே இல்லாத ஒரு கிரகம், அங்கே எந்தச் சத்தமும் கேட்காது, ஒருத்தி டப்பாவில் சத்தம் அடைத்து விற்கிறாள், காதோரம் வைத்துத் திறந்தால் ஒரே ஒரு தடவை கேட்கும், அதோடு சரி. தினமும் ஒரு பெண் வந்து ஒரே டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திறக்காமலே வைத்துவிட்டுப் போகிறாள். அதன் மேல் ‘இரும்பு ஷட்டர், நடுவில் ஒரு இருமல்’ என்று ஒட்டியிருக்கிறது. படித்துவிட்டு வாடிக்கையாளரை நிற்க வைத்து இன்னொரு தடவை படித்தேன். கதை அருமை, கடைசி வரியை மட்டும் கழித்தால் போதும், இந்த ஆளைக் கைவிட்டுவிடக் கூடாது, இவ்வளவையும் ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? மறுபடி வர வேண்டும் என்று நினைக்கிற ஆளுக்கு நம் பில்லில் என்ன எழுதுவேனோ அதுவே கைக்கு வந்தது, ‘கழிவு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று முன்தினம் அத்தை வந்து, “ஏழாம் நம்பர் கதையைத் திருப்பி வாங்கிக்கிச்சு, இனிமே எழுதவே போறதில்லையாம், யாரோ குப்பைன்னு எழுதிட்டாங்களாம்” என்றாள். அது என் ‘கழிவு’தான் என்று புரிந்தது. யாரென்று கேட்டால், “என் பல்லையே பிடுங்கினாலும் பேர் வராது” என்று போய்விட்டாள். மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கினேன். உனக்குத்தான் தெரியுமே, பாதியில் சிக்கி ‘கர்ர்க்’ என்று ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் மேலே போகும். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது, பாப்பா. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுக் கிளினிக்குக்கு ஓடினேன். யாரோ ஒருவர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார், நான் பாட்டுக்கு “ஏழு நம்ம பாப்பாதானே!” என்று கத்துகிறேன், அத்தை பல் பிடுங்கும் குறட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள், ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால், “பொண்ணு வாயால சொன்னா காதுல வாங்க மாட்டீங்க, டப்பாவுல அடைச்சு அனுப்பினாத்தான் கேக்குதாக்கும்” என்கிறாள். வேலைக்குப் போன அந்த ஆய்வுக்கூடத்தில் சத்தமே இல்லை, காது அடைக்கிறது என்று நீ சொன்னபோது, நல்லதுதானே, நிம்மதியாக வேலை பார் என்று சொன்னவன் நான்தான்.

போகட்டும், கடையில் வளர்ந்த பிள்ளை, கழிவு என்றால் உனக்குக் குப்பைதான் ஞாபகம் வருமா? விலை குறைத்துக் கொடுக்கிற கழிவு வராதா? குப்பையென்றால் குப்பை என்றே எழுதியிருப்பேன், என்னைத் தெரியாதா உனக்கு. ஞாயிறு காலைக்குள் கதையைத் திரும்ப அனுப்பு, அத்தை இடம் விட்டு வைத்திருக்கிறாள். ஆனால் ஒன்று, ‘அவளுக்கு வீட்டு ஞாபகம் வந்தது’ என்ற அந்தக் கடைசி வரியை எடுத்துவிடு. பூட்டைப் போட்டுவிட்டு அதன்மேல் ‘பூட்டியிருக்கிறது’ என்று யாராவது எழுதி ஒட்டுவார்களா? அவள் டப்பாவைத் திறக்காமல் வைக்கும்போதே எங்களுக்குப் புரிந்துவிட்டது. எழுதியது நீ என்று தெரிந்தபிறகு நான்கு தடவை படித்துப் பார்த்தேன், அந்த வரி அப்போதும் நிற்கவில்லை. மகள் என்பதற்காக அதில் கழிவு கிடையாது.

நோய்நொடி அண்டாமல், கை ஓயாமல், நீ எழுதுவதெல்லாம் விலைபோகட்டும். ஷட்டருக்கு எண்ணெய் விட ஆள் வரச் சொல்லியிருந்தேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ‘விலைப்பட்டியல்’ நீ எழுதியதுதான் என்றால் சொல்லிவிடு, கோபமில்லை.

இப்படிக்கு,
அந்த டப்பாவை உனக்காக எடுத்து வைத்திருக்கும்
அப்பா