துளசி வைத்த ரேஸ் புத்தகமும் பாதியில் நின்ற நாடகமும்

அனுப்புநர்:
விஜயலக்ஷ்மி,
பத்ரிநாராயணன் அவர்களின் மனைவி (இப்பெயரை நான் வாயால் சொல்வதில்லை, மனுவுக்காக எழுதியிருக்கிறேன்),
மயிலாப்பூர், சென்னை.

பெறுநர்:
பூங்கா ரேடியோக்களைக் கவனிக்கும் அதிகாரி அவர்கள்,
சென்னை.

பொருள்: 19-1-1949 புதன்கிழமை மாலை எங்கள் பூங்கா ரேடியோவில் நாடகம் முடியுமுன் நிறுத்தப்பட்டது, அதன் முடிவைச் சனிக்கிழமைக்குள் தெரிவிக்கக் கோருவது.

கனம் ஐயா அவர்களுக்கு நமஸ்காரம்.

1. அன்று மாலை பூங்காவில் இருந்தவர்கள்: நான், என் கணவர், மகள் ஜானு, வாசலில் திரை போட்ட ஜட்கா வண்டிக்குள் அடுத்த தெரு கைசர் ஜஹான் அம்மாள், என் கணவரின் ரேஸ் சிநேகிதர் சண்முகவேல், காவலாளி சின்னப்பையன், வயது அறுபதுக்கு மேல். புல்தரையில் இன்னும் முப்பத்திரண்டு பேர். வீட்டுக் கணக்கு எழுதுகிறவளானதால் எதையும் எண்ணிவிடுவேன். கடலை விற்றவரைச் சேர்க்கவில்லை. அவர் பாதியில் வந்தார்.

2. மூன்று புதன்கிழமைகளாக 'லாயத்து மாப்பிள்ளை' என்னும் ஹாஸ்ய நாடகம் கேட்டு வந்தோம். குதிரைப் பந்தயத்தில் வீட்டை இழக்கும் ஒருவருடைய கதை. சுவர்க் கடிகாரத்தை விற்றுவிட்டு, ரேஸுக்கு நேரமாகிவிட்டதா என்று பக்கத்து வீட்டில் போய் மணி கேட்பார். மாமனார் வந்தால் உட்கார நாற்காலி இருக்காது. "உட்கார ஒண்ணும் இல்லேப்பா, ஆனா ஓடறதுக்குப் பத்துக் குதிரை இருக்கு" என்பாள் அவர் மனைவி. முதல் வாரம் என் கணவர் பதினான்கு முறை சிரித்தார். இரண்டாம் வாரம் ஒன்பது. மூன்றாம் வாரம் இரண்டே.

3. நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. வீட்டில் பாசுரம் சேவிக்கும்போது எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றேன். பகவான் தூணிலும் இருப்பான் என்று படித்ததை நம்பியும் இருக்கிறேன். ஆனால் ஒரு கம்பத்தில் கட்டிய ரேடியோவின் தகரக் குழாய்க்குள் என் வீட்டுக் கூடம் இருக்கும் என்று நினைத்ததில்லை. அன்று அந்த மாப்பிள்ளை, ஓடும் குதிரைகளின் பட்டியல் போட்ட ரேஸ் புத்தகத்தைப் பெருமாள் காலடியில் வைத்து, "துளசி வெச்சியோ?" என்று மனைவியைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் நடப்பது அதுவேதான், அதே வார்த்தைதான். என் கணவர் குனிந்து, "நீ ரேடியோக்காராளுக்கு லெட்டர் போட்டியோடீ?" என்று கேட்டார். நான் போடவில்லை, ஐயா. பிறந்தகத்தைத் தவிர வேறு யாருக்கும் நான் எழுதும் முதல் கடிதம் இதுதான்.

4. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எட்டு வருஷமாக அந்தத் துளசியைப் பறித்து வைத்தது என் கைதான். அவர் கேட்டதற்காக மட்டும் வைக்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டு வைத்தேன்.

5. அந்தத் துளசிக் கேள்விக்கு நாடகத்துப் பெண், கொஞ்சமும் நடுங்காத குரலில், "கேளுங்கோ, இன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தாள். நான் என்னையறியாமல் குழாயைப் பார்த்துக் கைகூப்பினேன். அந்த க்ஷணம் ரேடியோ நின்றது. ஜட்காவுக்குள்ளிருந்து கைசர் ஜஹான் அம்மாள், "அட மனுஷா, அந்தப் பொண்ணைப் பேசி முடிக்க விடேன்!" என்று கத்தினார். "ஏழரைக்கு மூடுன்னு ஆர்டர் கீதும்மா, நான் இன்னா பண்றது?" என்றார் சின்னப்பையன். அவர் மேல் குற்றமில்லை. முன்னதாக ரேடியோவில் கீரை பயிரிடுவது பற்றிப் பேசிய பெரியவர் பத்து நிமிஷம் கூடுதலாகப் பேசியதால் நாடகம் தாமதமாயிற்று.

6. பிறகு நடந்ததே என் புகார். சண்முகவேல் பெஞ்சு மேல் ஏறி, "மாப்பிள்ளை ஜெயிச்சுக்கினுதான் வருவாரு, இன்னா பெட்டு?" என்றார். சூதாட்டம் வேண்டாம் என்று சொல்ல வந்த நாடகத்தின் முடிவின் மேலேயே பத்தொன்பது பேர் பந்தயம் கட்டினார்கள். "சாமி, நீ எந்தப் பக்கம்?" என்று என் கணவரைக் கேட்டார். அவர் கை சட்டைப்பைக்குள் போயிற்று. ஐயா, அந்தக் கை வெறுங்கையாக வெளியே வந்ததை நான் பார்த்தேன். "அவ என்ன சொன்னாள்னு தெரியட்டும்" என்றார். எங்கள் தெருவில் ரேடியோ உள்ள ஒரே வீட்டார் கல்யாணத்துக்குச் சைதாப்பேட்டை போயிருந்தார்கள். முடிவு தெரியும் என்று இப்போது சொல்கிறவர்கள் எல்லோரும் பணம் கட்டியவர்கள், நம்புவதற்கில்லை.

7. எட்டாம் தேதி அவர் ரேஸுக்குப் போனார். பதினைந்தாம் தேதி போகவில்லை; பண்டிகைக்காகவோ, நாடகத்துக்காகவோ அறியேன். வரும் சனிக்கிழமைக்கான புத்தகம் அலமாரி மேல் பிரிக்காமல் கிடக்கிறது. இன்று காலை அதன் முன் நின்று, "ஏண்டீ, நீயா இருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்று கேட்டார். பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

8. ஆகவே அந்தக் கடைசிப் பாகத்தை ரேடியோ நிலையத்திலிருந்து வரவழைத்து மறுபடி கேட்கச் செய்யவேண்டும். முடியாவிட்டால் கடைசிப் பக்கத்தை எழுதிக் காவலாளி அறைக் கதவில் ஒட்டவாவது உத்தரவிடவேண்டும். பெட்டும் அத்துடன் ஒழியும். சின்னப்பையனுக்கு அபராதம் எதுவும் போடவேண்டாம். இனி நாடகம் நடக்கும் நாளில் அது முடிந்த பிறகு மூடச் சொன்னால் போதும்.

9. இதைக் கைசர் ஜஹான் அம்மாள் வீட்டு ஜட்காவில் கொடுத்தனுப்புகிறேன். வண்டிக்காரர் பதிலுக்காக உங்கள் ஆபீஸ் வாசலில் காத்திருப்பார்.

10. இந்தச் சனிக்கிழமை நான் துளசிச் செடியில் கை வைக்கப்போவதில்லை. அது நானே செய்த தீர்மானம். அதற்கு யார் உத்தரவும் வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்கும்போது அதை நடுங்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெண் எந்த வார்த்தையில் சொன்னாள் என்று தெரிந்தால் எனக்கும் சொல்ல வரும். பதிலை விரைவில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மயிலாப்பூர்
தேதி: 20-1-1949

இப்படிக்கு,
விஜயலக்ஷ்மி