ஓடியாடும் பிள்ளைக்கு மருந்து மறுக்கப்படுவது குறித்து

அனுப்புநர்
அ. தோமினிக்,
காகித ஆலைத் தொழிலாளி,
பள்ளிபாளையம்,
திருச்செங்கோடு தாலூகா, சேலம் ஜில்லா.

பெறுநர்
மாவட்ட மருத்துவ அதிகாரி அவர்கள்,
சேலம்.

பொருள்: என் மகன் உபகாரசாமி (வயது மூன்று) நோயாளியாகத் தெரியவில்லை என்று சொல்லி, அவன் உயிரைக் காக்கும் கார்ட்டிசோன் மாத்திரையை நிறுத்தியிருப்பது – தொடர்ந்து வழங்க உத்தரவு வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. என் மகன் உயிரோடு இருக்கிறான். புகார் மனுவை இப்படித் தொடங்குவது முறையல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை. போன வாரம் அவன் பக்கத்து வீட்டுக் குப்பாயி அம்மாளின் கோழியைத் துரத்திப் போய் அவர்களுடைய மாவுச் சட்டியைக் கவிழ்த்துவிட்டான். அந்த அம்மாள் சண்டைக்கு வந்தார்கள். நானும் என் மனைவி செல்வமேரியும் சிரித்துக்கொண்டு நின்றோம். அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினோம்.

2. எங்கள் முதல் குழந்தை பிறந்த மாதமே ஓயாமல் வாந்தியெடுத்து, வாடி வதங்கி இறந்துபோனது. இவனுக்கும் அதே வாந்தி கண்டபோது நாங்கள் நடுங்கிப்போனோம். எப்படியோ பிழைத்தான், ஆனால் தேறவில்லை. உதடு கறுத்து, எந்நேரமும் தோளில் துவண்டு கிடப்பான். செல்வமேரி எங்கள் ஊர் அந்தோணியார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். திருநாள்தோறும் உப்பும் மிளகும் காணிக்கை கொட்டுவது, பிள்ளை எழுந்து நடக்கும்வரை வீட்டுச் சமையலில் உப்பே சேர்ப்பதில்லை என்பது அவளுடைய நேர்த்தி. நானும் ஒப்புக்கொண்டேன். மூன்று பேரும் உப்பில்லாத சோறுதான் தின்றோம்.

3. போன வருஷத் திருநாளன்று கொடிமரத்தடியில் காணிக்கை உப்பு குவிந்து கிடந்தது. தோளில் கிடந்த பிள்ளை திமிறி இறங்கி, தவழ்ந்து போய், இரண்டு கையாலும் அந்த உப்பை அள்ளி வாயில் திணித்துக்கொண்டான். கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் பதறிப்போய், "சாமிக்கு வெச்ச உப்புங்க, புள்ளையத் தூக்குங்க!" என்று கத்தினார். சாயங்காலம் அவன் சுவரைப் பிடித்து எழுந்து நின்று சோறு கேட்டான். அதைக் கண்டும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. சாமி காணிக்கையைத் தொட்ட பாவம் தீர வேண்டுமென்று நேர்த்தியை இன்னும் கடுமையாகப் பிடித்தோம். பிள்ளை மறுபடி சுருண்டான். கண் செருகிய நிலையில் சென்னைக்குக் கொண்டு ஓடினோம்.

4. அங்கே குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா, இவன் எதை விரும்பித் தின்பான் என்று கேட்டார். செல்வமேரி அழுதுகொண்டே, "பாவம் பண்ணிப்போட்டானுங்க, சாமி உப்பைத் தின்னுபோட்டானுங்க" என்றாள். அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். உடனே நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். பரிசோதனைகள் செய்தார்கள். கார்ட்டிசோன் கொடுத்தார்கள். என் மகன் கண்ணைத் திறந்து, வார்டில் இருந்த எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, இட்லி கேட்டான்.

5. அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். பிழையிருந்தால் தாங்கள் பொறுத்தருள வேண்டும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பி, கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளை எடுத்துப் படிப்படியாக மாற்றி, உடம்பில் உப்பைத் தங்க வைக்கும் சத்தையும், காய்ச்சல் போன்றவற்றைத் தாங்கும் சத்தையும் செய்கிறதாம். ஒவ்வொரு படிக்கும் ஒரு என்ஸைம் உண்டாம். இவனுக்கு அதில் ஒன்று பிறவியிலேயே சரியாக இல்லை, அதனால் உப்பு உடம்பில் தங்காமல் சிறுநீரோடு போய்விடுகிறதாம். எங்கள் ஆலையில் மூங்கிலை வேகவைக்கும் பகுதி நின்றுபோனால் வெட்டிய மூங்கில் முன்னே மலையாய்க் குவியும், கடைசியில் காகிதம் வராது. அதுபோலத்தானா என்று கேட்டேன். அதேதான் என்றார். ஐயா, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு பொருளின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எங்கள் முதல் பிள்ளையை எடுத்தது பேயுமில்லை, தோஷமுமில்லை!

6. செல்வமேரி என் மாமன் மகள். குறை இரண்டு பேர் வழியாகவும் சமமாக வந்தது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். இத்தனை நாளும் அவள் ஒருத்தியையே ராசியில்லாதவள் என்று பேசிய உறவுக்காரர்களிடம் வீடு வீடாகப் போய் இதை நானே சொன்னேன். பங்குச் சாமியாரும் எங்களை நேர்த்தியிலிருந்து விடுவித்தார்.

7. இனி என் குறை. மாத்திரையை ஆயுள் முழுவதும் தினமும் கொடுக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் கூட்டிக் கொடுக்க வேண்டும், ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்று சென்னையிலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பகுதி அரசாங்க ஆஸ்பத்திரியிலும் இதுவரை தந்து வந்தார்கள். புதிதாக வந்திருக்கும் கம்பவுண்டர் இம்முறை, "ஏனுங்க, பையன் ஜம்முனு ஓடியாடறான், இவனுக்கு எதுக்குங்க மருந்து? மேலுக்கு முடியாமப் போனா கூட்டியாங்க, குடுக்கறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. பிள்ளைக்கு மிட்டாய் கூடக் கொடுத்தார். பெரிய டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டதால் முறையிட ஆளில்லை. ஈரோட்டு மருந்துக் கடைகளில், வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்கிறார்கள்.

8. இவன் ஓடுவதே அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் சில நாளில் வாந்தி தொடங்கிவிடும். பிறகு சென்னைக்குப் போய்ச் சேரும்வரை தாங்குவானோ என்னவோ. மருந்து வாங்குவதற்காக என் பிள்ளையைச் சாகக் கிடக்கும் கோலத்தில் கொண்டுவந்து காட்ட என்னால் முடியாது. ஒரு பிள்ளையை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டேன்.

9. ஆகவே, எங்கள் பகுதி ஆஸ்பத்திரியில் இம்மாத்திரையை எப்போதும் இருப்பில் வைக்கவும், என் மகன் எவ்வளவு நலமாக இருந்தாலும் தவறாமல் வழங்கவும் உத்தரவிட வேண்டுமென்று இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகமிருந்தால் அவனைத் தங்கள் அலுவலகத்துக்கே அழைத்து வருகிறேன். மேசை மேல் இருப்பதை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.

கையிலுள்ள மாத்திரை வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு தீர்கிறது. திங்கட்கிழமை காலையில் அவன் வழக்கம்போல வாயைத் திறந்துகொண்டு அம்மாவிடம் வந்து நிற்பான்.

பள்ளிபாளையம்,
10-12-1964.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
அ. தோமினிக்
(உபகாரசாமியின் தகப்பன்)