அளந்து குடித்த தண்ணீர்

இஞ்சாருங்கோ, உங்கள் அக்கா இன்று கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். பஸ்ஸை விட்டிறங்கிக் காலி வீதியில் மறுபடியும் செவ்விளநீர் வாங்கிவந்திருக்கிறார். இந்த முறை எனக்காம். "வெட்டிக் குடி, உடம்பு காஞ்சுபோய்க் கிடக்கு" என்றார். மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்ட மனம் வரவில்லை.

உங்கள் இதயம் களைத்துப்போன பிறகு, சொந்தமெல்லாம் நம் வெள்ளவத்தை பிளாட்டுக்கு இதைத்தானே சுமந்துகொண்டு வந்தது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதே. டாக்டர் விட்டதோ ஒரு நாளைக்கு ஒரு போத்தல் தண்ணீர். தேநீரும் கஞ்சியும் அதற்குள்தான். காலையில் உங்கள் கணுக்காலைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பேன். விழுந்த பள்ளம் லேசில் எழும்பாது. உதடு மட்டும் வெடித்திருக்கும். அதைக் கண்டுதான் உங்கள் அக்கா, என் மச்சாள், என்மேல் பாய்ந்தார். "என்ரை தம்பியைத் தண்ணி குடுக்காமல் காயப்போடுறியே?"

பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டிருந்தது. நீங்கள்தான் சிரித்தீர்கள். "தண்ணி இல்லாமலில்லை அக்கா, நிறையக் கிடக்கு. ரத்தக் குழாய்க்குள்ள நிக்காமல் சதைக்குள்ள ஒழுகிப்போகுது. எங்கட பாத்ரூம் மாதிரித்தான். சுவரெல்லாம் ஈரம், பைப்பில வராது. இன்னும் ஊத்தினால் நெஞ்சுக்குள்ள ஏறும், மூச்சு விடேலாது."

மச்சாளுக்கு விளங்கியதோ தெரியாது. தேநீர் ஊற்றினேன். வந்தவரைத் தனியாகக் குடிக்க விடக்கூடாது என்பது உங்கள் பிடிவாதம். உங்கள் பங்கில் அரைக் கோப்பை அதற்கே போய்விடும். பிறகு படுக்கும்வரை தாகத்துக்குத் தேசிக்காய்த் துண்டைப் புளிக்கப் புளிக்கச் சப்பிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

கடைசிக் கிழமை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இனி அவர் விரும்பினதைக் குடுங்கோ" என்றார். ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன். எத்தனை மாதமாக நீங்கள் கேட்ட தண்ணீர்! இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கிளாசைத் தள்ளினீர்கள்.

"மிச்சம் இருக்கட்டும். பின்னேரம் அக்கா வருவா, தேத்தண்ணி குடிக்க வேணும்."

அக்கா வந்தார். அதற்குள் உங்களுக்கு நினைவு தப்பியிருந்தது, பிறகு திரும்பவேயில்லை.

இன்று மச்சாளுக்குத் தேநீர் ஊற்றும்போது எனக்கும் ஊற்றினேன், அரைக் கோப்பை. அதற்கு மேலே ஊற்றக் கை வருவதில்லை. அவர் அதைப் பார்த்தார். தன் கோப்பையைக் கையில் ஏந்தியபடி, நான் குடிக்கத் தொடங்கும்வரை காத்திருந்தார்.