நெப்ராஸ்காவில் நான் போட்ட வாக்கு

என் பிடிவாதக்காரத் தம்பி ஜெரோமுக்கு,

நவம்பர் இறந்தவர்களின் மாதம் என்பதால் எங்கள் பங்கில் ஒரு சிறு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். ஊரில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம். "அக்கா, தம்பியைப் பற்றி நாலு நல்ல வசனம் எழுதித் தாங்கோ" என்று ஸ்டெல்லா தாளைத் தந்துவிட்டுப் போனாள். மன்னாரில் எங்கள் பின்வீட்டில் இருந்தாளே, அதே ஸ்டெல்லாதான். இப்போது இங்கே பலேர்மோவில், போர்கோ வெக்கியோ பக்கம் இருக்கிறாள்.

உன்னைப் பற்றி நல்ல வசனம் எழுத எனக்கென்ன கஷ்டம்? ஆனால் உன்னிடம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் அதை எழுதினால் நீ அங்கிருந்து சிரிப்பாய். ஆகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் சனமும் வாசிக்கட்டும், பரவாயில்லை. போன வருடம் நான் ஒரு வாக்கைத் திருடினேன். உனக்காகத்தான் திருடினேன்.

உன் முதல் வாக்கு உனக்கு நினைவிருக்கும். வெள்ளைச் சேர்ட்டு போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குக் கலியாண மாப்பிள்ளை மாதிரிப் போனாய். உன் பெயரில் யாரோ ஒருவன் காலையிலேயே வந்து போட்டுவிட்டான் என்று அங்கே சொன்னார்கள். நீ வீட்டுக்கு வரவில்லை. பெட்டிக்கு முத்திரை வைக்கும்வரை வாசலிலேயே குந்தியிருந்தாய். பின்னேரம் வந்து மையில்லாத விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"பாருங்கோ அக்கா, நான் உயிரோடை இருக்கேக்கையே என்ரை பேரிலை வேறை ஒருத்தன் சீவிச்சிட்டான்."

"ஒரு வாக்குத்தானே, விடடா" என்றேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்தாய்.

பிறகு கலியாணம் முடித்து, கிளிநொச்சிப் பக்கம் போய், தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடை போட்டாய். நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது, புறக்கணிக்கச் சொல்லி இயக்கம் சொன்னதால் உங்கள் பக்கத்தில் ஒருவரும் வாக்களிக்கவில்லை. தொலைபேசியில் கேட்டேன். "முந்தி என்ரை வாக்கை இன்னொருத்தன் போட்டான். இந்தமுறை ஒருத்தருமே போடேல்லை. முன்னேற்றம்தானே அக்கா" என்றாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இனி சிஞ்ஞோராவின், அதுதான் நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவின், கதைக்கு வருகிறேன். நான் லிபெர்த்தா வீதியில் ஒரு கிழவியைப் பராமரிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவர் இத்தாலியர் அல்ல, அமெரிக்கர் என்று சொல்லியிருந்தேனா? நெப்ராஸ்கா என்ற மாநிலத்தில் ஒரு பண்ணையில் பிறந்தவர். பலேர்மோ வைத்தியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. அவரோ போய்ச் சேர்ந்துவிட்டார். சிஞ்ஞோராவுக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தால்தான் கொஞ்சம் தெரியும். கன்னியாஸ்திரிகள் எனக்கு அடித்துப் படிப்பித்த ஆங்கிலத்துக்காகவே என்னை வேலைக்கு வைத்தார். வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஆங்கிலம்தான் கதைப்போம். இந்த ஊரில் தன் சொந்தப் பாஷையில் முறைப்பாடு சொல்ல அவருக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

அவருடைய மருமகன், சகோதரனின் மகன், பண்ணையிலிருந்து ஊர்ப் பத்திரிகையைத் தபாலில் அனுப்புவான். பத்து நாள் பழசாகித்தான் வந்து சேரும். சோள விலை, மாட்டு விலை, யார் செத்தார், எந்தக் கோயிலில் விருந்து. ஒரு வரி விடாமல் நான் வாசிக்கவேண்டும். எங்கள் மாநிலத்தில் மனிதரைவிட மாடு அதிகம் என்பார். வாக்களிப்பது கோயில் மண்டபத்தில்தானாம். பெண்கள் வீட்டில் சுட்ட பணியாரம் கொண்டுவருவார்களாம். "யாருக்குப் போட்டாய் என்று எங்களூரில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும்" என்றார். எல்லாரும் குடியரசுக் கட்சியின் யானைச் சின்னத்துக்குத்தான். நம்முடைய நாட்டிலும் யானைச் சின்னம் உண்டு என்று நான் சொன்னபோது, உங்கள் நாட்டில் யானையே இருக்கிறது, உங்களுக்குத்தான் அது பொருத்தம் என்று சொல்லிச் சிரித்தார்.

அவருடைய அப்பா யானைக்குப் போட்டார், ஆகவே இவரும் யானைக்குப் போட்டார். இத்தாலிக்கு வந்த பிறகும் தபாலில் போட்டார். போன வருடம் மட்டும் அவருக்கு ஒரு தடுமாற்றம். மருமகனின் மகன் ஈராக்குக்குப் போய்த் திரும்பி வந்தவன், ஒருவரோடும் கதைக்காமல் மாட்டுக் கொட்டிலில் இருக்கிறான் என்று கடிதம் வந்தது. அதிலிருந்து சிஞ்ஞோரா என்னை இரண்டு பக்கத்து வேட்பாளர்களின் பேச்சையும் வாசிக்கச் சொன்னார். வாசித்ததையே திரும்ப வாசிக்கச் சொன்னார். மூன்று கிழமை யோசித்தார். கடைசியில் பழையபடி யானைதான் என்றார்.

"ஆனால் இந்தமுறைதான் நான் யோசித்துப் போடுகிறேன். இத்தனை காலமும் அப்பாவுக்காகப் போட்டேன்" என்றார்.

அந்த மூன்று கிழமையும் நீ எங்கே இருந்தாய்? கடையை விட்டுவிட்டு, ரஜனியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, பம்பு திருத்தும் சாமான்களையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு இடம் மாறியிருந்தாய். ஒருநாள் எங்கிருந்தோ எடுத்தாய். "பங்கருக்கைதான் இருக்கிறம். மேலை பிளேன் சுத்துது. பயப்பிடாதேங்கோ அக்கா, நான் பிறகு எடுக்கிறன்." பின்னால் அந்தப் பதுங்குகுழிக்குள் பிள்ளை அழுவது கேட்டது. பிறகு நீ எடுக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்தால் எங்கள் ஆட்களிடம் இந்த ஒரே கதைதான். அமெரிக்காவில் ஆள் மாறினால் அங்கிருந்து ஒரு சொல் வரும், சண்டை நிற்கும். புதிதாக நிற்கிறவர் கறுப்பு மனிதர், கஷ்டப்பட்டவர், எங்கள் துன்பம் அவருக்கு விளங்கும். எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். சிஞ்ஞோராவின் வாக்குச்சீட்டு என் கையால்தான் நிரப்பப்படும் என்பதை ஸ்டெல்லாவிடம் சொன்னது என் வாய்க்கொழுப்பு.

"உங்கடை கையிலை ஒரு வாக்கு இருக்கு. அதை எங்கடை சனத்துக்குப் போடாமல் என்னக்கா செய்யப்போறியள்?" என்றாள்.

"அது அந்த மனிசியின்ரை வாக்கடி."

"ஒரு வட்டம்தானே. ஆருக்குத் தெரியப்போகுது? தம்பியை நினைச்சுப் பாருங்கோ."

அவளில் பிழை சொல்ல மாட்டேன். அவளுடைய அம்மாவும் அங்கே அந்தச் சண்டைக்குள்தான் இருந்தார்.

வாக்குச்சீட்டு வந்த அன்று காலை பத்து மணி இருக்கும். குசினி மேசையில் விரித்து வைத்தேன். பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன நீள்வட்டங்கள். வேண்டிய ஆளின் வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்பவேண்டும். சிஞ்ஞோரா பக்கத்தில் கோப்பிக் கோப்பையோடு இருந்தார். "நிரப்பு. நிரப்பின பெயரை வாசித்துக் காட்டு" என்றார்.

தம்பி, அவர் சொன்ன பெயரை நான் வாசித்தேன். பிசகில்லாமல், சத்தமாக வாசித்தேன். என் கை மற்ற வட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தது.

அவர் என் தோளைத் தட்டி, நல்லது என்றார். உறையில் தன் கையெழுத்தைப் போட்டார். உதவி செய்தவரும் கையெழுத்திட வேண்டும் என்றிருந்தது. என் முழுப் பெயரையும் எழுதினேன். ஊரில் வாக்களிக்கும் வயது வந்தபோது நான் முகாமில் இருந்தேன், திரும்பி வந்த பிறகும் என் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறவில்லை. இங்கே என்னிடம் பெர்மெஸ்ஸோ மட்டும்தான் இருக்கிறது, அந்த அனுமதி அட்டைக்கு வாக்கில்லை. வாழ்க்கையில் நான் போட்ட ஒரே வாக்கு அதுதான். அதுவும் கள்ள வாக்கு.

தேர்தல் முடிந்தது. எங்கள் ஆட்கள் விரும்பியவர் வென்றார். ஸ்டெல்லா தொதல் இனிப்புக் கிண்டிக்கொண்டு வந்தாள். சிஞ்ஞோரா வானொலியை அணைத்துவிட்டு, "போகட்டும், எங்கள் மாநிலம் மாறவில்லை" என்றார். அங்கே யானைதான் வென்றிருந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. என் களவால் யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. ஜனாதிபதியைத் தெரிய மாநிலத்துக்கு உள்ள வாக்குகளைத் தொகுதிக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் ஒரு வழக்கம் அங்கே உண்டாம். அதில் ஒரு துண்டு மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டதாம். அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் ஒரு வட்டம்தான் அதைப் பிய்த்துக் கொடுத்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். சிரிக்காதே. அந்த நேரம் அப்படித்தான் தோன்றியது. சிஞ்ஞோராதான் சொன்னார், அது ஒமாஹா நகரத்து ஆட்களின் வேலை, எங்கள் பக்கம் பண்ணைப் பக்கம், அங்கே ஒன்றும் அசையாது என்று. அப்படியானால் என் வட்டம் எதற்கும் உதவவில்லை. அவருடைய மூன்று கிழமை யோசனையும் எங்கும் போய்ச் சேரவில்லை.

அமெரிக்காவில் ஆள் மாறிய பிறகும் உங்கள் பங்கருக்கு மேலே ஒன்றும் மாறவில்லை. தை போனது, மாசி போனது. சித்திரையில் ரஜனி எடுத்தாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்தது என்றாள். ஊரெல்லாம் தண்ணீர்ப் பம்பு திருத்திய உனக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்திலா சாவு வரவேண்டும்? ரஜனியும் பிள்ளையும் இன்னும் வவுனியா முகாமில் இருக்கிறார்கள். பிள்ளை உன் மாதிரியே பிடிவாதமாம்.

உனக்காக நாங்கள் செபமாலை சொன்ன அன்று சிஞ்ஞோரா, சீசா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, அரைக்கண் பார்வை, எண்பத்து நாலு வயது. சுவரைத் தடவித் தடவி ஏறி வந்து, எங்கள் பெண்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். ஒரு சொல் விளங்காமல் கடைசிவரை இருந்தார். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உதறிவிட்டு ஓடவேண்டும் போல இருந்தது எனக்கு.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொன்னேன். மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். மூன்றும் சொல்லி முடித்தேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது, மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆள் வேறு என்று. இருந்தும் ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். வாக்களிக்கும் அந்தக் கோயில் மண்டபத்துக்குப் புதுக் கூரை போடுகிறார்கள் என்று ஒரு செய்தி. சிஞ்ஞோராவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவோடு அங்கே முதல் முறை போனதைச் சொல்லத் தொடங்கினார். புதுச் சப்பாத்து வாங்கித் தந்தாராம். எனக்கு உன் வெள்ளைச் சேர்ட்டு நினைவு வந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன்.

சிஞ்ஞோரா கோப்பிக் கோப்பையைத் தடவி மேசையில் வைத்தார். பிறகு, "பெயரை எனக்கு வாசித்துக் காட்டினாயே" என்றார்.

"ஓம், சிஞ்ஞோரா." ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்த எனக்கு வாயில் தமிழ்தான் வந்தது.

"உன் தம்பிக்காக என்று என்னிடம் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தால் தந்திருப்பீர்களா?"

"தெரியாது. இனி அது எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை."

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் என்னோடு ஆங்கிலம் கதைப்பதில்லை. இத்தாலியனில் கோப்பி கேட்கிறார், மருந்து கேட்கிறார், நன்றி சொல்கிறார். பத்திரிகை வந்தால் உறையைப் பிரிக்காமல் தன் அறைக்குக் கொண்டுபோகிறார். நீ இரண்டு நாள் கதைக்காமல் இருந்தாயே, அதற்கே நான் அழுதேன். இது இரண்டு நாளில் முடிகிற கோபமாகத் தெரியவில்லை.

இந்தக் கிழமை அவருடைய அறையைக் கூட்டப் போனேன். கட்டிலடியில் அந்தப் பத்திரிகைகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விளிம்பெல்லாம் வட்டங்கள். நடுங்கிய கையால் கீறி, உள்ளே கறுப்புப் பேனாவால் நிரப்பின வட்டங்கள். சில கோட்டுக்கு வெளியே ஓடியிருந்தன. கடைசிப் பக்கங்களில் ஓரளவு உள்ளுக்குள் நின்றிருந்தன. மேசையில் ஒரு பெரிய பூதக்கண்ணாடி. அடுத்த வருடம் அங்கே ஆளுநர் தேர்தலாம். தன் கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். எடுத்த பத்திரிகையை இருந்தபடியே வைத்துவிட்டு, கட்டிலடியைக் கூட்டாமல் வந்துவிட்டேன்.

ஜெரோம், உனக்கு நான் தரக்கூடிய வாக்கு ஒன்றே ஒன்றுதான். அந்தச் சீட்டு வரும் நாளில் நான் வேலையில் இருந்தால், அவர் விட்டால், பூதக்கண்ணாடியை நான் பிடித்துக்கொள்வேன். பேனாவைத் தொடமாட்டேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியவேண்டியதில்லை. அவர் விடாவிட்டால், உன்னைப் போல வாசலில் குந்தியிருப்பேன், உறை ஒட்டி முடியும்வரை.

அதற்குப் பிறகாவது நீ என்னோடு கதைப்பாயா?

இன்றுவரை விரலில் மை படாத,
உன் அக்கா