இலை மேல் நடக்கும் எட்டுக் கால்

கடல் தாண்டிப் போயும் என்னை ஆட்டிவைக்கும் மகாராணிக்கு, உன் வீட்டுக்காரன் எழுதுவது.

நானும் பெண்கள் இரண்டு பேரும் சுகம். சோறு தினமும் குழைகிறது. குறை சொல்ல நீ இல்லாததால் சமையல்காரனுக்கு, அதாவது எனக்கு, திமிர் ஏறிவிட்டது. அங்கே நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியம்மா எழுந்து நடக்கிறாரா? அவரைத் தூக்கித் தூக்கி வந்த இடுப்புவலி உனக்குத் தேவலையா?

இங்கே எனக்கு ஒரே குழப்பம். ஆலைக்குப் பின்னால் நான் பம்பு போடும் குளத்தில், அல்லி இலை மேலேயே நடக்கிறது ஒரு பறவை. விரலெல்லாம் குச்சி குச்சியாக அவ்வளவு நீளம். நான் கொக்கு என்றேன். காவல்காரர் நீர்க்கோழி என்று சண்டைக்கு வந்தார். அது அடைகாக்கும்போது, பாவம் தாயி, உன் புருஷன் எங்கே ஊர் சுத்துறான் என்று தினமும் கேலி செய்வேன்.

போன வாரம் பார்த்தால் அதற்கு ஆறு கால்! கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், எட்டு. காவல்காரரிடம் சொன்னதற்கு என் வாயை மோந்து பார்க்கிறார்.

பெரியவள்தான் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் கண்டுபிடித்தாள். இலைக்கோழியாம். குஞ்சுகளைச் சிறகுக்கடியில் இடுக்கிக்கொண்டு நடக்குமாம். தொங்கினதெல்லாம் குஞ்சுகளின் கால். இதில் கூத்து, அது அம்மா இல்லையாம், அப்பாவாம்! முட்டையிட்டதும் அம்மா கிளம்பிவிடுமாம். அட, நம்ம ஆளு என்று சிரித்தேன். சின்னவள் சிரிக்கவில்லை. அந்த அம்மா திரும்பி வருமா என்று கேட்டாள். பெரியவள் அடுத்த வரியை மனசுக்குள்ளேயே படித்துவிட்டு, அவ்வளவுதான் போட்டிருக்கு என்று மூடிவிட்டாள். நான் எடுத்துப் படிப்பதற்குள் புத்தகம் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டது.

வேலையை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கட்டுமா என்று போனில் கேட்டாயே. உன் இஷ்டம் மகாராணி என்று இளித்தேன். அது சரி என்றதா, வேண்டாம் என்றதா, எனக்கே விளங்கவில்லை.

நேற்று சின்னவளைக் கக்கத்தில் இடுக்கிப் பார்த்தேன். கால் தரையில் இழுபடுகிறது. அந்த ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்.

நீ எந்தக் குளத்தில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. ஆனாலும் வந்துவிடு.

இப்படிக்கு,
இரண்டு கால் மட்டுமே உள்ள உன் வீட்டுக்காரன்