ராசுவின் காலில் ஏழு தையல்

3-11-54, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். தோட்டத்து டிஸ்பென்சரியில் நல்ல கூட்டம், எல்லாம் இருமல்.

பத்து மணிக்கு ராசுவைத் தூக்கி வந்தார்கள். தேயிலைச் செடியை மட்டம் வெட்டும்போது கவ்வாத்துக் கத்தி நழுவி வலது பாதத்தில். ஏழு தையல் போட்டேன். சத்தமே போடவில்லை. கட்டுப் போட்டதும் முதல் கேள்வி:

"ஐயா, ஞாயித்துக்கெழம வெளையாடலாமுங்களா?"

"பத்து நாளைக்குக் காலை ஊண்டக்கூடாது."

"ஹல்துமுல்லத் தோட்டத்துக்காரன் ஆட வர்றானுங்கய்யா!"

"தையல் விட்டுதெண்டால் காலுக்கே ஆபத்து, ராசு."

முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் மனம் சரியில்லை. தோட்டத்துக்கென்று உதைபந்து டீம் தொடங்கி ஒரு வருடம். ஆடியதெல்லாம் தோல்வி. போட்ட கோல்கள் எல்லாம் ராசுவுடையவை. பழக்குவது நான். அவனை நிறுத்தியதும் நான்.

4-11, வியாழன்

ஞாயிறுக்கு வேண்டியவை: விசில். தோடம்பழச் சுளை, பாதி நேரத்தில் களைப்பாற. கோல் கம்பம் ஒன்று சாய்ந்துவிட்டது, சவுக்குத் தடி கேட்க வேண்டும். பனியன்களை நீலச் சாயத்தில் முக்க வேண்டும். பந்தின் பிளாடர் மறுபடி ஓட்டை. ஹாலிஎல சைக்கிள் கடைக்கு அனுப்பியாயிற்று.

ராசு இல்லாமல் பத்துப் பேர்தான். மாலையில் ஃபாக்டரி மாரிமுத்து வந்தான், நம் இடதுபக்க ஆட்டக்காரன்.

"நீங்களே எறங்குங்கய்யா. யாழ்ப்பாணத்துல காலேஜ் டீம்ல ஆடுனவங்கதானே?"

அது எட்டு வருடத்துக்கு முன். ஆனாலும் சரி என்றுவிட்டேன்.

5-11, வெள்ளி

பெரிய கிளாக்கர் (இனிமேல் பெ.கி.) ஒபீசுக்குக் கூப்பிட்டார். அவரும் யாழ்ப்பாணம், வயதில் மூத்தவர்.

"தம்பி, பழக்கிறது வேற. லயத்துத் தொழிலாளிப் பெடியளோட நீர் காற்சட்டையோட ஓடுறது வேற. நாளைக்கு மருந்துக்கு வரேக்க உம்மை மதிப்பினமே? தோட்டத்துத் துரை என்ன நினைப்பார்?"

பயம் கொஞ்சம் வந்தது.

வீட்டில் பழைய காற்சட்டை. பொத்தான் எட்டவில்லை. மனைவி கமலம் சிரித்துச் சிரித்துப் பொத்தானைத் தள்ளித் தைத்தாள். "நீங்கள் விழுந்தால் ஆர் மருந்து போடுறது?"

7-11, ஞாயிறு

ஹல்துமுல்லைக்காரர்கள் தேயிலை லொறியில் வந்து இறங்கினார்கள். நல்ல திடகாத்திரம். மைதானத்தைச் சுற்றி லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுக்க. பெ.கி.யும் குடையோடு. ராசு ஒரு சாக்கின்மேல் காலை நீட்டி.

பாதி நேரத்துக்குள் ஒரு கோல் வாங்கினோம். மழையும் வந்தது. நீலம் கரைந்து எல்லார் கையும் கழுத்தும் நீலம்.

ஒன்று பிடிபட்டது. என்னிடம் பந்து வந்தால் நம் ஆட்கள் விலகி நிற்கிறார்கள். "இங்க தா" என்று ஒருவனும் கேட்பதில்லை. ஐயாவிடம் எப்படிக் கேட்பது? நானும் யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் உருட்டி உருட்டிப் பறிகொடுத்தேன். மூன்று தரம்.

நாலாவது தரம் சாக்கிலிருந்து ஒரு கத்தல்:

"டேய் டிஸ்பென்சரு! பந்த வச்சிக்கிட்டு என்னா மருந்தா கலக்குற? மாரிக்கு விடுடா!"

சனம் அப்படியே உறைந்தது. நான் விட்டேன். மாரிமுத்து அடித்தான். கோல்.

பிறகு எல்லா வாயும் திறந்துகொண்டது. "இங்க!" "பின்னால ஆளு!" "குனி, குனி!" எட்டு வருடத்துக்குப் பின் உண்மையாக ஆடினேன். 1–1. முதல் முறையாகத் தோற்கவில்லை. பெ.கி. கடைசிவரை போகவில்லை.

8-11, திங்கள்

தொடை இரண்டும் கல். படி இறங்க முடியவில்லை.

ராசு கட்டு மாற்ற வரவில்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டு நானே லயத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் ஒற்றைக் காலில் எழுந்தான். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிருங்கய்யா. வாய் தவறிருச்சு. ராவெல்லாம் எம்பொஞ்சாதி ஏசுறா."

"இரு முதல்ல. நீ கத்தாட்டி அந்தக் கோல் இல்லை."

நம்பாமல் பார்த்தான். கட்டு மாற்றினேன். சீழ் இல்லை. அவன் மனைவி பிளேன்டீ கொடுத்தாள், நிறையச் சீனி போட்டு.

13-11, சனி

தையல் பிரித்தேன். காயம் சுத்தமாக ஆறியிருக்கிறது. லுணுகலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து கடிதம், அடுத்த மாதம் ஆட வரலாமா என்று. ராசுவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அதுக்குள்ள ஓட ஆரம்பிச்சிருவேன்யா. அப்ப நீங்க?"

"நான் பின்னுக்கு நிண்டு ஆடுறன்."

பாதத்தை மெல்ல ஊன்றிப் பார்த்தான்.

"பந்த வச்சிக்கிட்டு நின்னீங்கன்னா கத்திப்புடுவேன்யா."

"கத்து."

மழை விட்டிருக்கிறது. கீழே பந்து உதைக்கும் சத்தம். மருந்தறையைப் பூட்ட வேண்டும்.