வாகனத்தில் ஒட்டிய எழுத்து

துணுக்காய்
06.10.2024

அன்பு மகள் சுமித்திராவுக்கு,

அம்மாவும் நானும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகன் சிவகரனும் கடல் கடந்து பேர்கனில் அப்படியே நலமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். உடம்பளவில் என்று எழுதியதைப் பார்த்துப் பயந்து உடனே போன் எடுக்காதே, முழுவதையும் வாசித்துவிட்டு எடு. அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது, எண்ணெய் பூசச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டா. இரண்டு மழை விழுந்தது, காலபோக விதைப்பைத் தொடங்கலாமா இன்னும் பொறுக்கலாமா என்று இங்கே எல்லோருக்கும் ஒரே யோசனை. இதெல்லாம் போனில் சொல்லக்கூடிய செய்திதான். போனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் இத்தனை வருடத்துக்குப் பிறகு பேனை எடுத்திருக்கிறேன். கதைக்கத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன், அம்மா போனை வாங்கிவிடுவா, பிறகு கதை வேறு பக்கம் போய்விடும்.

பஸ் ஓட்டத்தில் இருந்து ஓய்வு எடுத்த பிறகு நான் நாற்றுமேடை தொண்டு நிறுவனத்தின் வான் ஓடுவது உனக்குத் தெரியும், அந்த வானை உங்கள் சங்கம்தான் வாங்கித் தந்து பராமரிக்கிறது என்பதும் செயலாளரான உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்த நான்கு பிள்ளைகளை நான் துணுக்காயில் இருந்து மாங்குளம், புளியங்குளம் என்று ஏற்றிக்கொண்டு வவுனியா கிளினிக்குக்குப் போய் வருகிறேன். மருந்து அரசாங்கம் தருகிறது, பால்மாவும் பருப்பும் மாங்குளத்தில் கடை வைத்திருக்கிற இஸ்ஸதீன் மாதம் தவறாமல் தருகிறார், வாகனம் உங்களுடையது. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பதுபோல ஒருவர் கை விட்டாலும் இது நின்றுவிடும். பிள்ளைகளின் பெயரை நான் எழுதமாட்டேன், மகள். கடிதம் யார் கையில் போகும் என்று தெரியாது. அதில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, அவளைச் சின்னவள் என்று எழுதுகிறேன். தாயும் தகப்பனும் இல்லை, பெரியம்மாவோடு இருக்கிறாள். ஐந்து வருடமாக ஒருநாள் தவறாமல் மருந்து குடித்து, கிருமி இரத்தத்தில் பிடிபடாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளைப் பார்த்தால் நோய்க்காரப் பிள்ளை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒருவருக்கும் தெரியவும் தெரியாது. எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் பல்லுக் கிளினிக் என்று சொல்லுவேன்.

ஓகஸ்ட் மாதம் உங்கள் பார்சல் வந்தது. உள்ளே வானில் ஒட்டுவதற்கு இரண்டு பெரிய ஸ்டிக்கர். எச்.ஐ.வி. தொற்றுள்ள சிறுவர்களுக்கான வாகனம் என்று சிவப்பில், கீழே உங்கள் சங்கத்தின் பெயர் நீலத்தில். அந்த எழுத்தை நீயே இரண்டு இரவு இருந்து வடிவமைத்ததாகப் படம் அனுப்பியிருந்தாய், நானும் நல்ல வடிவாய் இருக்கு மகள் என்று பதில் போட்டேன். அதை இப்போது நினைத்தால் கை கூசுகிறது. நாற்றுமேடையில் புதிதாக வந்த இணைப்பாளர் செந்தூரன் கெட்ட பிள்ளை இல்லை, அவன் சொன்னான், "ஐயா, உதவி செய்யிற ஆக்களின்ர பேர் தெரியோணும் எண்டு ஒப்பந்தத்தில கிடக்கு, ஒட்டிப்போட்டுப் படம் எடுத்து அனுப்பாட்டி எனக்குத்தான் கேள்வி." எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் மகள் செய்தது, மகளின் சங்கம், நான் என்ன சொல்ல என்று வாயை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒட்டவிட்டேன். முப்பது வருடம் பஸ் ஓடினவன், பிறேக் பிழை என்று தெரிந்தால் வண்டியை எடுக்கமாட்டேன். அன்றைக்கு எடுத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சின்னவளின் ஒழுங்கை முகப்பில் வழக்கம்போல வானை நிறுத்தினேன். சங்கக்கடை திறக்கட்டும் என்று மூன்று பெண்கள் நின்றார்கள். எழுத்தை வாசித்தார்கள், பிறகு படலையைத் திறந்துகொண்டு வந்த பிள்ளையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நானும் அதைப் பார்த்துக்கொண்டே அவளை ஏற்றினேன். வெள்ளிக்கிழமைக்குள் அவளுடைய வகுப்பில் பதினொரு பிள்ளைகளைத் தாய் தகப்பன்மார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச நாளைக்குப் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் இருந்து பெரியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்களாம். கிணற்றில் அள்ள வருகிற பக்கத்து வீட்டுக்காரரும் வரவில்லை.

அந்தச் செவ்வாய் கொடுத்த மருந்து ஒரு மாதத்துக்குத்தான். அடுத்த தவணைக்கு அவர்கள் வரவில்லை, போனும் நிறுத்திக் கிடந்தது. கிளினிக் தாதி கௌசலா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, அவளிட்ட இன்னும் மூண்டு நாளைக்குத்தான் குளிசை இருக்கு. விட்டுவிட்டுக் குடிச்சா கிருமி மருந்துக்குப் பழகிப்போயிடும், பிறகு இந்த மருந்து வேலை செய்யாது" என்றார். அடுத்தநாள் சைக்கிளில் போனேன், வானைக் கொண்டுபோகத் துணிவில்லை. பெரியம்மா படலையைத் திறக்கவில்லை. உள்ளே நின்றே சத்தமாகச் சொன்னார், "உங்கட வான் வந்துதான் என்ர பிள்ளையை ஊருக்குக் காட்டிக் குடுத்தது. அஞ்சு வருசம் நான் பொத்திப் பொத்தி வைச்சதை நீங்கள் ஒரு நாளில எழுதி ஒட்டிப்போட்டியள். இனி இந்தப் பக்கம் வராதேங்கோ." அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லையே. வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெயும் மீன் வெட்டுகிற கத்தியும் எடுத்து அந்த இரண்டு ஸ்டிக்கரையும் சுரண்டினேன். பெயின்ற் உரிந்துவிட்டது. அம்மா வந்து நின்று பார்த்தா, மகள் செய்த எழுத்தெல்லோ என்று கேட்டா, பிறகு தானும் ஒரு துணி எடுத்துத் துடைத்தா.

ஆனால் சுரண்டினால் குளிசை போய்ச் சேருமா? செந்தூரன் இரண்டு தரம் போனான், திறக்கவில்லை. மூன்று நாள் முடிந்தது. மருந்து இல்லாத முதல் நாள், இரண்டாம் நாள் என்று நான் நாளை எண்ணிக்கொண்டு திரிந்தேன். அப்போதுதான் இஸ்ஸதீனிடம் போனேன். பால்மாவுக்குக்கூடத் தன் பெயர் வரக்கூடாது என்று சொல்லுகிற மனிதன் அவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்கட வானை விடுங்கோ, என்ர பட்டா லொறி போகட்டும். மாமூட்டை ஏத்திக்கொண்டு போற லொறியை ஆர் நிண்டு வாசிக்கப் போயினம்?" என்றார். அடுத்தநாள் காலையிலேயே அந்தச் சின்ன லொறியை எடுத்துக்கொண்டு, மனைவி ஹாலிதாவையும் முன் சீற்றில் இருத்திக்கொண்டு போனார். ஹாலிதா இறங்கி ஒரு மாப்பையையும் கொண்டு படலையில் நின்று கூப்பிட்டிருக்கிறார். பெரியம்மா திறந்துவிட்டார். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, ஹாலிதா பிறகு அம்மாவிடம் சொன்னதுதான் எனக்குத் தெரியும். "ஊரே பாத்துக்கொண்டு நிக்கத் தலையைக் குனிஞ்சு வெளிய போறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியும் அக்கா, தொண்ணூறில முஸ்லிம் சனத்தை வெளியேத்தேக்க நான் சின்னப் பிள்ளை, ஒரு பையோட போனனாங்கள். வெக்கத்துக்காகப் பிள்ளையை விட்டுடாதேங்கோ. இண்டைக்கு நானும் உங்களோட வாறன்" என்று சொன்னாராம். ஒரு மணித்தியாலம் சென்று பெரியம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நான் அன்று கிளினிக் வாசலில் நின்றேன். ஓமந்தை தாண்டிவிட்டோம், இன்னும் கொஞ்சத்தில் வவுனியா என்று இஸ்ஸதீன் போன் எடுத்தபோது உள்ளே ஓடிப்போய்க் கௌசலாவிடம் சொன்னேன்.

மூன்று நாள் மருந்து இல்லாமல் போயிருக்கிறது. டொக்டர் ஏசவில்லை, இரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார், பழைய மருந்து இன்னும் கேட்கிறதா என்று தெரியச் சில கிழமை செல்லுமாம். அந்த முடிவு இன்னும் வரவில்லை. கௌசலாவும் டொக்டரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெற்றோரை இருத்தி, கூட இருந்து படிப்பதாலோ ஒரே பைப்பில் தண்ணீர் குடிப்பதாலோ இது தொற்றாது என்று இரண்டு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார்கள். பதினொரு பேரில் ஏழு பேர் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள், நான்கு பேர் அனுப்பவில்லை. சின்னவளும் போன திங்கள் போனாள். அவளுக்குப் பக்கத்துக் கதிரை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று ரீச்சர் சொன்னா.

இப்போது உன் சங்கத்து விசயத்துக்கு வருகிறேன். ஸ்டிக்கரைச் சுரண்டினதற்கு விளக்கம் வேண்டும், பெயர் இல்லாமல் இந்தப் பங்காளித்துவத்தைத் தொடர்வதா என்று கார்த்திகை மாதக் கூட்டத்தில் முடிவெடுப்போம் என்று செந்தூரனுக்குக் கடிதம் வந்திருக்கிறது. கீழே உன்னுடைய கையொப்பம் இருந்தது. உன்னில் எனக்குக் கோபம் இல்லை, பிள்ளை. நீ நல்ல மனதோடு செய்தாய், இங்கே ஒரு ஒழுங்கையில் என்ன நடக்கும் என்று அங்கே இருந்து தெரியாது, தெரிந்த நான் சொல்லவில்லை. அதனால் முதல் பிழை என்னுடையது, கூட்டத்தில் அப்படியே சொல்லு. உதவி செய்கிறவர்கள் பெயர் பார்க்க விரும்புவது பிழை இல்லை. உங்கள் ஆண்டு மலரில் போடுங்கள், நாற்றுமேடை கந்தோருக்குள் பலகை அடித்துப் போடுங்கள், வானில் மட்டும் வேண்டாம். வெள்ளை வான் வெள்ளையாகவே இருக்கட்டும். சங்கம் கை விட்டால் மற்ற மூன்று பிள்ளைகளின் கிளினிக் பயணமும் நின்றுவிடும், பஸ்ஸில் போகலாம்தான், ஆனால் எத்தனை தவணைக்குப் போவார்கள் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அம்மாவுக்கும் போன கிழமைதான் சொன்னேன். ஊரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்த வேலைக்கு வந்த முதல் மாதம் சின்னவள் இருக்கிற சீற்றில் நான் ஒரு பொலித்தீன் விரித்து வைத்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு விரிக்கவில்லை, அவளுக்கு அன்று மூக்கில் இரத்தம் வடிந்திருந்தது என்று ஒரு சாட்டு. அவளுக்கு அப்போது ஏழு வயது. ஏறி இருந்துவிட்டு, "ஐயா, இது எனக்கு மட்டுமோ?" என்று கேட்டாள், புதுச் சாமான் கிடைத்த சந்தோசத்தில் கேட்டாள் மகள். புளியங்குளத்தில் நிறுத்தி அதை இழுத்து எறிந்தேன். அவள் ஏன் என்று கேட்டதற்கு வெக்கை என்று சொன்னேன். படித்த டொக்டரும் தாதியும் எத்தனையோ தரம் சொல்லியும் எனக்கு அவ்வளவு நாள் எடுத்தது, அந்த நான்கு தாய் தகப்பன்மாருக்கும் நாள் எடுக்கும்தானே. ஆனால் பிள்ளைக்கு நாள் இல்லையே என்பதுதான் என் பதைப்பு.

அவளுக்குத் தன் நோயின் பெயர் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இரத்தம் பலமாக இருக்கக் குளிசை என்றுதான் பெரியம்மா சொல்லி வளர்த்தார். அவள் மூன்றாம் வகுப்பில் நன்றாக வாசிக்கிற பிள்ளை என்பதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. எழுத்து இல்லாத வானில் திரும்ப ஏறப் பெரியம்மா சம்மதித்த பிறகு, போன செவ்வாய் வந்துகொண்டிருக்கும்போது பின்னால் இருந்து, "ஐயா, முந்தி வானில எழுதியிருந்தது என்னைப் பற்றியோ?" என்று கேட்டாள். கௌசலா அக்காவிடம் கேட்போம் என்று மட்டும் சொன்னேன். கௌசலா இனி மறைக்கக்கூடாது என்கிறார், வருகிற வியாழக்கிழமை பெரியம்மாவும் அவருமாகப் பிள்ளையை இருத்தி, அவளுக்கு விளங்குகிற மாதிரி எல்லாவற்றையும் சொல்லப் போகிறார்கள். ஆர் ஆர் பக்கத்தில் இருக்கோணும் என்று அவளிடமே கேட்டார்களாம், பெரியம்மாவும் வான் ஐயாவும் என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு நித்திரை சரியில்லை. அவள் என்னைப் பார்த்து ஏதாவது கேட்டால் நான் என்ன சொல்ல? உன் அம்மா சொல்லுகிறா, ஒன்றும் சொல்லத் தேவையில்லை, எழும்பிப் போகாமல் இருந்தால் போதும் என்று. வியாழக்கிழமை நான் போவேன், மகள். வெள்ளைச் சட்டையை அம்மா தோய்த்துக் காயப் போட்டிருக்கிறா.

நீயும் மருமகனும் ஒருவருக்கொருவர் துணையாக, எடுத்த காரியம் கைகூடி, குறைவில்லாமல் வாழ முறிகண்டிப் பிள்ளையார் துணை நிற்பார். வேலை வேலை என்று சாப்பாட்டை விட்டுவிடாதே. கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வாசிப்பதென்றால் வாசி, பொலித்தீன் விரித்த கதையையும் விடாமல் வாசி, ஒழுங்கையின் அடையாளம் மட்டும் ஒருவருக்கும் சொல்லாதே.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அப்பா,
யோகலிங்கம்